காலி அறைகளின் கணக்கு

பைத்தான் நிறுவிய கணினி பக்கத்தில் இருந்தால் அதைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். ஒரு காலிப் பட்டியலை உருவாக்கி, அது நினைவகத்தில் எத்தனை பைட் பிடிக்கிறது என்று கேளுங்கள். கேட்பதற்கு கெட்சைஸ்ஆஃப் என்றொரு கட்டளை இருக்கிறது. 64 பிட் கணினியில், பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தைய வழக்கமான பதிப்பில், 56 என்று பதில் வரும். இன்னும் எதுவும் போடாத பட்டியலுக்கு 56 பைட். இதில் ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். 88 என்று சொல்லும்.

இரண்டாவது எண்ணைச் சேருங்கள்: 88. மூன்றாவது: 88. நான்காவதைச் சேர்த்த பிறகும் 88 தான். ஐந்தாவது எண் உள்ளே போனதும் 120-க்குத் தாவும். பிறகு எட்டு வரை அசையாது. ஒன்பதாவதில் 184. பதினேழாவதில் 248. இருபத்தைந்தாவதில் 312.

பட்டியலின் ஓர் அறை 8 பைட். 56-லிருந்து 88-க்குப் போனபோது கூடியது 32 பைட், அதாவது நான்கு அறை. நாம் கேட்டது ஒரே ஓர் அறை. பைத்தானின் ரன்டைம், அதாவது நம் நிரல் ஓடும்போது அதன் அடியில் சத்தமில்லாமல் வேலை செய்யும் இன்னொரு நிரல், நான்கு அறையை வாங்கி மூன்றைப் பூட்டி வைத்திருக்கிறது. நாம் கேட்காத இடம் அது. அந்த மூன்று பேர் வருவார்களா என்று அதற்கும் தெரியாது. அப்புறம் ஏன் வாங்குகிறது? எத்தனை வாங்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறது?

இந்த இரண்டு கேள்விகளும் பைத்தானோடு நிற்பவை அல்ல. தட்டச்சு செய்யும்போது நீளும் வரி, உருட்ட உருட்ட வந்துகொண்டிருக்கும் புகைப்படங்கள், கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கப்படும் பெயர்கள் என்று எத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரியாத எதைச் சேர்த்துவைத்தாலும், அடியில் எங்கோ யாரோ இந்தக் கணக்கைப் போட்டே ஆகவேண்டும். கணினி அறிவியலில் இவ்வளவு பரவலாக நடந்தும் இவ்வளவு குறைவாகக் கண்ணில் படும் முடிவுகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் அர்ரே என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பாடப்புத்தகங்கள் இதை அணி என்கின்றன. நிரல் எழுதும் இடங்களில் அர்ரே என்றுதான் பேச்சு, நானும் அப்படியே சொல்கிறேன். லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுச் சுவர்தான் நம் வீட்டுச் சுவர், நடுவில் சந்து கிடையாது, எல்லா வீடும் ஒரே அகலம். நினைவகத்தில் அர்ரே அப்படித்தான் நிற்கிறது. இந்த ஒழுங்கு இருப்பதால் 7,36,412-ஆம் எண் அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கணினி தேடிக்கொண்டு போவதில்லை. அறைகளுக்குப் பூஜ்ஜியத்திலிருந்து எண் போட்டிருப்பார்கள். 7,36,412-ஐ எட்டால் பெருக்கி முதல் அறையின் முகவரியோடு கூட்டினால் அந்த வாசலிலேயே போய் நிற்கலாம். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். ஐந்தாவது அறைக்கும் அதே வேலை, ஐம்பது லட்சமாவது அறைக்கும் அதே வேலை. இன்னொரு லாபமும் உண்டு. இன்றைய பிராசசர்கள் நினைவகத்திலிருந்து எதை எடுத்தாலும் பெரும்பாலும் 64 பைட்டாக அள்ளிக்கொண்டு வருகின்றன. ஓர் அறையைத் திறக்கும்போது பக்கத்து ஏழு அறைகளும் கூடவே வந்துவிடும்.

சிக்கலும் இந்த ஒழுங்கிலிருந்தே பிறக்கிறது. லைன் வீட்டின் கடைசிச் சுவரை ஒட்டி வேறொருவர் குடியிருக்கிறார். நினைவகம் நம் அர்ரேக்கு மட்டும் சொந்தமில்லை. நிரலின் மற்ற பொருள்கள் எல்லாம் அங்கங்கே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. எட்டு அறை கொண்ட வரிசை நிரம்பி ஒன்பதாவது ஆள் வந்து நின்றால், அவரை மட்டும் தெருவின் மறுகோடியில் குடிவைக்க முடியாது. வைத்தால் அந்தப் பெருக்கல் கணக்கு பொய்த்துவிடும். ஆகவே மொத்தக் குடும்பமும் கிளம்பவேண்டியதுதான். பெரிய இடமாகப் பார்த்து, எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக அங்கே குடியேற்றி, ஒன்பதாவது ஆளையும் சேர்த்துக்கொண்டு, பழைய இடத்தைக் காலி செய்து கொடுக்கவேண்டும்.

இங்கேதான் எல்லோருக்கும் முதலில் ஒரு யோசனை தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒன்றொன்றாக வளர்ப்பது வீண், ஒவ்வொரு முறையும் நூறு அறையைக் கூட்டிக்கொண்டால் என்ன? சி மொழியில் நான் ஆரம்பத்தில் எழுதிய நிரல்களில் ஒன்று அப்படித்தான் இருந்தது. ஒரு கோப்பைத் திறந்து வரிவரியாக வாசித்து அர்ரேயில் சேர்க்கும். நூறு நிரம்பினால் இருநூறு அறையில் புது இடம், பழையதை நகலெடுப்பது, பழையதை விடுவிப்பது. அடுத்து முந்நூறு. ஆயிரம் வரிக் கோப்பில் அருமையாக ஓடியது. பிறகு ஒரு நாள் இருபது லட்சம் வரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்தேன். திரை அப்படியே நின்றுவிட்டது. நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து, தப்பே இல்லாத வரிகளையெல்லாம் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தேன். அது எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. சொன்ன வேலையைத்தான் சொன்னபடி செய்துகொண்டிருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு நூறாக வளர்ந்து இருபது லட்சத்தை எட்ட 19,999 முறை வீடு மாறவேண்டும். முதல் மாற்றத்தில் 100 பேர், அடுத்ததில் 200, அடுத்ததில் 300, கடைசி மாற்றத்தில் 19,99,900 பேர். எல்லாவற்றையும் கூட்டினால் 1,999.9 கோடி நகல். இருபது லட்சம் வரியை வாசிக்க ஏறத்தாழ இரண்டாயிரம் கோடி முறை மூட்டை தூக்கியிருக்கிறது என் நிரல். நூறுக்குப் பதில் ஆயிரமாகக் கூட்டியிருந்தால் வேலை பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கும். ஆனால் கோப்பு இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும் என்ற சாபம் மட்டும் போயிருக்காது.

இப்போது ஒரே ஒரு வரியை மாற்றுவோம். நூறைக் கூட்டுவதை விட்டுவிட்டு, இருப்பதை இரண்டு மடங்காக்குவோம். 100, 200, 400, 800 என்று போகும். இருபது லட்சத்தை எட்ட 15 முறை மாறினால் போதும். மொத்த நகல் 32,76,700. இரண்டாயிரம் கோடி எங்கே, முப்பத்து மூன்று லட்சம் எங்கே! இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கோப்பு எவ்வளவு பெரிதானாலும், ஒரு வரிக்குச் சராசரியாக ஆகும் நகல் வேலை இரண்டைத் தாண்டவே தாண்டாது. வளர்ச்சி நிலையான எண்ணாக இருக்கக்கூடாது, இருப்பதன் விகிதமாக இருக்கவேண்டும். இந்த அத்தியாயத்தின் மூலக்கருத்து இதுதான். பைத்தானின் 88, 120, 184 என்ற தாவல்களுக்கு அடியில் இருப்பதும் இதுவே.

ஏன் இரண்டைத் தாண்டாது? வீட்டுச் செலவுப் பணத்தில் பெண்கள் சிறுவாடு சேர்ப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அர்ரே இப்போதுதான் வீடு மாறி வந்திருக்கிறது: ஆயிரம் பேர், இரண்டாயிரம் அறை. இனி வரும் ஒவ்வொரு புது ஆளும் தன் அறைக்குப் போகும்போது உண்டியலில் இரண்டு ரூபாய் போடட்டும். ஒரு ரூபாய், அடுத்த மாற்றத்தில் தன்னைத் தூக்கிச் செல்வதற்கு. இன்னொரு ரூபாய், ஏற்கெனவே குடியிருக்கும் பழைய ஆள் ஒருவரைத் தூக்கிச் செல்வதற்கு. ஆயிரம் புது ஆட்கள் வந்து வீடு நிரம்பும்போது உண்டியலில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கும். தூக்கவேண்டியவர்களும் சரியாக இரண்டாயிரம் பேர். கடன் கிடையாது. மாற்றம் நடக்கும் நாளில் செலவு மலைபோலத் தெரிந்தாலும் அது முன்பே சேர்த்துவைத்த பணம்தான்.

செலவைத் தவணைகளாகப் பரப்பிப் பார்க்கும் இந்த முறைக்கு 1985-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் முறையான வடிவம் கொடுத்தவர் ராபர்ட் டார்ஜன். அப்போது அவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தார், அடுத்த ஆண்டே ஜான் ஹாப்கிராஃப்டோடு சேர்ந்து டூரிங் விருது பெற்றார். அதற்கு முன்பும் நிரலர்கள் இரட்டிப்பாக்கத்தான் செய்தார்கள். ஆனால் அபூர்வமாக நடக்கும் ஒரு பெரிய செலவை வைத்து ஒவ்வொரு செயலையும் மதிப்பிட்டால் நல்ல முறையையும் மோசமானது என்று சொல்லிவிடுவோம் என்பதை அந்தக் கட்டுரை தெளிவாகக் காட்டியது.

சரி, ஏன் இரண்டு மடங்கு? ஒன்றரை மடங்கு போதாதா? பைத்தான் எட்டில் ஒரு பங்குதான் கூட்டுகிறது. அதன் சூத்திரம் எளிமையானது. இப்போது தேவைப்படும் எண்ணிக்கை, அதில் எட்டில் ஒன்று, மேலே ஓர் ஆறு. மூன்றையும் கூட்டி, நான்கின் மடங்காகக் கீழே இறக்கிக்கொள்ளும். பதினேழாவது ஆள் வரும்போது 17, 2, 6 சேர்ந்து 25. இறக்கினால் 24 அறை. மேலே பார்த்த 248 பைட் இதுதான்: 56-உம், 24 எட்டும். பட்டியல் பெரிதாகப் பெரிதாக அந்த ஆறு கரைந்துபோகும், எட்டில் ஒரு பங்கு மட்டும் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு இங்கே வருகிறது. வீடு மாறி முதல் ஆள் உள்ளே வந்த கணத்தைப் பிடித்து நிறுத்துங்கள். இரட்டிப்பாக்கும் அர்ரேயில் அப்போது ஏறத்தாழ பாதி காலி. அதுவரை ஆன நகல், தலைக்கு 2. ஒன்றரை மடங்கு வளர்வதில் மூன்றில் ஒரு பங்கு காலி, நகல் தலைக்கு 3. எட்டில் ஒரு பங்கு வளர்வதில் ஒன்பதில் ஒரு பங்குதான் காலி. ஆனால் ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே இடம் மாறவேண்டி வந்தால் நகல் தலைக்கு 9. பாதியும் இரண்டும், மூன்றில் ஒன்றும் மூன்றும், ஒன்பதில் ஒன்றும் ஒன்பதும். காலியாக விட்ட பங்கையும் சுமந்த சுமையையும் பெருக்கினால் எப்போதும் ஒன்று. எந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பெருக்கல் அசைவதில்லை. இடத்தை மிச்சம் பிடித்தால் நேரமாகக் கொடுக்கவேண்டும், நேரத்தை மிச்சம் பிடித்தால் இடமாகக் கொடுக்கவேண்டும். தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தாகவேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் மட்டும் இதிலிருந்து தப்பலாம். எரிக் டிமெய்ன், ராபர்ட் செட்ஜ்விக் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் 1999-இல் அதற்கொரு வழி காட்டினார்கள். அர்ரேயைத் துண்டுகளாக்கி, துண்டுகளின் அளவைப் பக்குவமாகக் கூட்டிக்கொண்டு போனால், வீணாகும் இடம் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவில் நிற்கும். அதற்கும் கீழே இறக்க முடியாது என்பதையும் நிரூபித்தார்கள். அழகான வேலை. ஆனால் துண்டுபட்டதும் அந்த ஒரு பெருக்கல் ஒரு கூட்டல் போய்விடும். அன்றாடம் புழங்கும் மொழிகள் பெரும்பாலும் ஒற்றை வரிசையையே வைத்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாறும் கணத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புது வீடு கைக்கு வந்து எல்லோரும் அங்கே போய்ச் சேராமல் பழைய வீட்டைக் காலி செய்ய முடியாது. ஒரு கிகாபைட் அர்ரே இரட்டிப்பாகும்போது பழைய ஒன்றும் புதிய இரண்டும் சேர்ந்து மூன்று கிகாபைட் இடம் ஒரே நேரத்தில் நிரலின் கையில் இருக்கவேண்டும். அது கிடைக்காமல் போனால் நிரல் அங்கேயே விழும். பாதி நினைவகம் காலியாக இருந்ததே, எப்படிச் செத்தது என்று நிரலர் திகைப்பார்.

ஜாவாவின் அர்ரேலிஸ்ட் ஒன்றரை மடங்கு வளர்கிறது. குரோம் உலாவியின் அடியில் உள்ள வி8 ஒன்றரை மடங்கோடு இன்னும் 16 சேர்த்துக்கொள்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியின் வெக்டரை குனு நூலகம் இரட்டிப்பாக்குகிறது, மைக்ரோசாஃப்டின் நூலகம் ஒன்றரை மடங்காக்குகிறது. ஒரே மொழி, ஒரே நிரல், கம்பைலரை மாற்றினால் காலி அறைகளின் எண்ணிக்கை வேறு.

கோ மொழியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நீண்ட காலம் அதன் விதி இப்படி இருந்தது: 1024-க்குக் கீழே இரட்டிப்பு, அதற்கு மேல் கால் பங்கு. சிறியது தாராளமாக வளரட்டும், பெரியது சிக்கனமாக வளரட்டும் என்பது நோக்கம். நியாயமானதுதான். ஆனால் எல்லைக்கு அருகே போய்ப் பாருங்கள். 1000 அறை நிரம்பினால் அடுத்தது 2000. 1100 அறை நிரம்பினால் அடுத்தது 1375. அதிகம் வைத்திருந்தவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது! 2022-இல் வந்த 1.18 பதிப்பில் இதைத் திருத்தினார்கள். எல்லை 256-க்கு இறங்கியது. அதற்கு மேலே கூடுதல் இடம், இருப்பதோடு 768-ஐச் சேர்த்து நான்கால் வகுத்த அளவு. 256 இருந்தால் கூடுவது இன்னொரு 256, அதாவது சரியாக இரட்டிப்பு. 512 இருந்தால் கூடுவது 320. 1024 இருந்தால் 448. இரண்டு மடங்கிலிருந்து ஒன்றேகால் மடங்கை நோக்கி வளர்ச்சி படி இல்லாத சரிவில் இறங்குகிறது. 768 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. 256-இல் போட்டுப் பார்த்தபோதுதான் பழைய இரட்டிப்போடு தையல் தெரியாமல் சேரவேண்டும் என்பதற்காகவே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

ஒன்றரை மடங்குக்காரர்கள் சொல்லும் ஒரு காரணம் தனியாகப் பேசத் தகுந்தது. வீடு மாறும்போது பின்னால் விட்டுவந்த இடங்கள் என்ன ஆகின்றன? இரட்டிப்பில் 16, 32, 64, 128 என்று போகிறோம். 128-இல் குடியிருந்துகொண்டு 256-க்கு இடம் தேடும்போது விட்டுவந்தவை 16, 32, 64. அடுத்தடுத்துக் கிடந்தாலும் மொத்தம் 112 தான். 256 எப்படிக் கொள்ளும்? அடுத்த முறையும் இதே கதை. கைவிட்ட இடமெல்லாம் சேர்ந்தாலும் புதுத் தேவைக்கு ஒருபோதும் எட்டாது. ஆகவே அர்ரே எப்போதும் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், பின்னால் பள்ளங்கள் கிடக்கும். ஒன்றரை மடங்கில் 16, 24, 36, 54, 81 என்று போகிறோம். 81-இல் இருந்துகொண்டு 121-க்கு இடம் தேடும்போது விட்டுவந்த 16, 24, 36, 54 சேர்ந்து 130. உள்ளே அடங்கிவிடும். தான் ஒருகாலத்தில் காலி செய்துவிட்டுப் போன மனைகளிலேயே அர்ரே மறுபடி வீடு கட்டிக்கொள்கிறது.

எந்த விகிதம் வரை இது நடக்கும் என்று கேட்டால், எல்லைக்கோடாக வந்து நிற்பது பொன் விகிதம், ஏறத்தாழ 1.618. அதற்குக் கீழே இருந்தால் பழைய இடம் என்றாவது போதுமானதாகும், மேலே போனால் ஒருபோதும் ஆகாது. ஃபேஸ்புக் வெளியிட்ட ஃபாலி என்ற நூலகம் ஒன்றரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த வாதத்தையே முன்வைக்கிறது. நினைவகத்தில் நம் அர்ரே ஒன்று மட்டும் வளர்ந்துகொண்டிருந்தால் இது கச்சிதமாக நடக்கும். நடைமுறையில் விட்டுவந்த மனையில் அதற்குள் வேறு யாராவது குடியேறியிருப்பார்கள். ஆகவே இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

பைத்தான் எப்படி எட்டில் ஒரு பங்கோடு துணிந்து நிற்கிறது? தலைக்கு ஒன்பது நகல் என்பது பெரிய செலவாயிற்றே! அங்கே இரண்டு விஷயங்கள் கைகொடுக்கின்றன. முதலாவது, பைத்தான் பட்டியலின் அறைக்குள் பொருள் இருப்பதில்லை, பொருளின் முகவரி மட்டுமே இருக்கிறது. ஒரு நீண்ட கட்டுரையைச் சேர்த்தாலும் அறைக்குள் போவது 8 பைட் முகவரி. வீடு மாறும்போது தூக்குவது பீரோவையும் கட்டிலையும் அல்ல, சாவிக் கொத்தை மட்டும். இரண்டாவது, சி மொழியின் ரீஅலாக். இடத்தைப் பெரிதாக்கித் தா என்று அதனிடம் கேட்டால் அது முதலில் பக்கத்து மனையைப் பார்க்கும். காலியாக இருந்தால் வேலியை நகர்த்தி வைத்துவிடும், யாரும் நகரவேண்டியதில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வேறு இடமும் நகலும்.

பெரிய அர்ரேக்களுக்கு லினக்ஸில் இன்னொரு வித்தை உண்டு. நிரல் பார்க்கும் முகவரிகள் உண்மையான நினைவகச் சில்லில் உள்ள இடங்கள் அல்ல. நடுவில் ஒரு பதிவேடு இருக்கிறது. வழக்கமாக 4 கிலோபைட் கொண்ட பக்கங்களாக, இந்த முகவரிப் பக்கம் சில்லில் அந்த இடத்தில் இருக்கிறது என்று அது எழுதி வைத்திருக்கும். பெரிய ஒதுக்கீடுகளை வளர்க்கும்போது எம்ரீமேப் என்ற கட்டளை இந்தப் பதிவேட்டை மட்டும் திருத்துகிறது. முகவரி மாறும். ஆனால் சில்லுக்குள் ஒரு பைட்கூட இடம் பெயர்வதில்லை. வீட்டை அசைக்காமல் கதவு எண்ணை மட்டும் மாற்றி எழுதும் வேலை.

சி பிளஸ் பிளஸ் வெக்டருக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே அறைக்குள் பொருளே நேரடியாகக் குடியிருக்கிறது, அந்தப் பொருள் தன் சொந்த முகவரியைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கவும் கூடும். பைட்டுகளை அப்படியே அள்ளி வேறிடத்தில் கொட்டினால் அது பழைய வீட்டையே தன் வீடு என்று நம்பிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் அதனதன் முறைப்படி அழைத்துச்சென்று குடியேற்றவேண்டும்.

பழைய முகவரி என்ற இந்தப் பிரச்சினைதான் இந்தத் துறையில் மிக அதிகமானவர்களைக் காயப்படுத்தியிருக்கிறது. ஒரு வெக்டர், நான்கு அறை, நான்கும் நிரம்பியிருக்கின்றன. முதல் அறையின் முகவரியை ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கிறீர்கள். வெக்டர் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது, பழைய இடம் விடுவிக்கப்படுகிறது. உங்கள் கையில் இருக்கும் சீட்டில் இன்னும் பழைய விலாசம். அதை வைத்து வாசித்தால் சில நேரம் பழைய மதிப்பே கிடைக்கும், ஏனென்றால் காலி செய்த வீட்டில் சுவரெழுத்து இன்னும் அழியவில்லை. சில நேரம் அங்கே புதிதாகக் குடிவந்தவரின் தகவல் கிடைக்கும். சில நேரம் நிரல் விழும். நான்கு அறைக்குப் பதில் எட்டு அறை இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது, சோதனையெல்லாம் தேறியிருக்கும். இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும் இடம் துல்லியமாக அந்தக் காலி அறைகள்தான்.

2015-இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி இதைக் கம்பைலரிலேயே தடுக்கிறது. சீட்டு உங்கள் கையில் இருக்கும்வரை, பின்னால் அதைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், அர்ரேயில் எதையும் சேர்க்க விடமாட்டேன் என்று மறுத்துவிடும். பைத்தானில் இந்தத் தொல்லையே எழாது. பட்டியலின் தலைப்பகுதி ஒருமுறை அமர்ந்த இடத்திலேயே இருக்கும். அறைகளின் வரிசை எங்கே போனாலும் புது முகவரியைத் தலைப்பகுதி குறித்துக்கொள்ளும். நிரலர் தலைப்பகுதியை மட்டுமே அறிவார். தொடக்கத்தில் கண்ட அந்த 56 பைட் இதுதான்: தலைப்பகுதிக்கு 40, பயன்பாடு முடிந்த பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் குப்பை சேகரிப்பவருக்கான குறிப்புக்கு 16.

வளர்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆட்கள் வெளியேறினால்? இரட்டிப்பின் தலைகீழாக, பாதியானதும் இடத்தைப் பாதியாக்கிவிடலாம் என்று தோன்றும். 1024 அறை நிரம்பியிருக்கிறது. ஒருவர் வருகிறார், 2048 அறைக்கு எல்லோரும் மாறுகிறார்கள். அவர் உடனே கிளம்பிவிடுகிறார். 1024 பேர், பாதிதான், எனவே எல்லோரும் 1024 அறைக்குத் திரும்புகிறார்கள். மறுபடி ஒருவர் வருகிறார். ஒரே ஓர் ஆள் வாசலில் வந்து போவதற்காக ஊரே மூட்டை கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்கும். சேர்த்த சிறுவாடெல்லாம் ஒரே நாளில் கரைந்துபோகும். ஆகவே வளரும் எல்லைக்கும் சுருங்கும் எல்லைக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடவேண்டும். இரட்டிப்பாக்குபவர்கள் கால் பங்குக்கு இறங்கிய பிறகே பாதியாக்குவது வழக்கம்.

பைத்தானில் இதையும் கண்ணால் பார்க்கலாம். ஒன்பது எண்களைச் சேர்த்து 184 பைட்டுக்கு வந்துவிடுங்கள். பதினாறு அறை. இப்போது கடைசியிலிருந்து ஒன்றை எடுங்கள். எட்டு எண், இன்னும் 184. இன்னொன்றை எடுங்கள். பாதிக்கும் கீழே, ஏழு. உடனே 152-க்கு இறங்கும், அதாவது பன்னிரண்டு அறை. ஏழுக்கு ஏழு என்று இறுக்கிப் பிடிக்காமல் அங்கேயும் ஐந்தைக் கூடுதலாக விட்டுவைக்கிறது. ஜாவாவின் அர்ரேலிஸ்டும் ரஸ்டின் வெக்கும் தாமாக ஒருபோதும் சுருங்காது. மொத்தப் பேரும் வெளியேறினாலும் இடம் அப்படியே இருக்கும், வேண்டாம் என்றால் நாம்தான் சொல்லவேண்டும். எனக்கு இந்த நிலைப்பாடு பிடித்திருக்கிறது. ஒருமுறை பத்து லட்சம் பேர் வந்த வீட்டுக்கு மறுபடியும் பத்து லட்சம் பேர் வருவது சகஜம்.

எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் இந்த ஊகம் எதுவும் தேவையில்லை. பல மொழிகளில் அதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. சி பிளஸ் பிளஸில் ரிசர்வ், ஜாவாவில் உருவாக்கும்போதே அடைப்புக்குறிக்குள் ஓர் எண், கோ மொழியில் மேக் கட்டளையின் மூன்றாவது இடத்தில் வரும் எண். பைத்தானில் ஒரு பூஜ்ஜியத்தை வைத்த பட்டியலை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். ஐந்து பூஜ்ஜியங்கள் கொண்ட பட்டியல் ஒரே வீச்சில் உருவாகும், அளவு 96 பைட். அதே ஐந்து பூஜ்ஜியங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 120. இரண்டுக்கும் நடுவே 24 பைட். ஆறாவதும் ஏழாவதும் எட்டாவதும் வருவார்கள் என்று பூட்டி வைத்திருக்கும் மூன்று அறைகள் அவை.